ஸ்டாக் போட்டோ விற்பனை: தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கையில் கேமரா இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்களும் இருக்கின்றன, ஷட்டர்ஸ்டாக் போன்ற படம் விற்கும் தளத்தில் போட்டால் டாலரில் காசு வருமாமே என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து விற்பவரை மனதில் வைத்து எழுதியவை. இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு எங்கே மாறுபடுமோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

ஸ்டாக் போட்டோ என்றால் என்ன? யார் வாங்குகிறார்கள்?

வங்கியின் இணையதளத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கும். சர்க்கரை நோய் பற்றிய கட்டுரைக்கு மேலே யாரோ விரலில் ஊசி குத்திக்கொள்ளும் படம் இருக்கும். இவற்றுக்கெல்லாம் யாரும் தனியாக ஆள் அனுப்பிப் படம் எடுப்பதில்லை. விளம்பர நிறுவனங்கள், பத்திரிகைகள், பாடநூல் பதிப்பாளர்கள், செயலி தயாரிப்பவர்கள் எல்லாரும் தளத்தில் தேடி, பிடித்ததற்கு உரிமம் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதில் நீங்கள் விற்பது படத்தை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அதனால் ஒரே படம் பத்துப் பேருக்கும் போகும், ஆயிரம் பேருக்கும் போகும். ‘ராயல்டி ஃப்ரீ’ என்று பார்த்ததும் இலவசமோ என்று பயப்பட வேண்டாம். வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டிவிட்டு, உரிமத்தில் சொன்ன எல்லைக்குள் பலமுறை பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லுங்கள், எவ்வளவு கிடைக்கும்?

ஆரம்பத்தில் மிகக் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் யூடியூபில் ‘தூங்கும்போதும் சம்பாதிக்கலாம்’ என்று சொல்பவர்கள் ஒரு பதிவிறக்கத்துக்கு என்ன வரும் என்ற கணக்கைச் சொல்வதே இல்லை.

ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனிலிருந்து படங்களுக்கு ஆறு நிலைகள் உண்டு. முதல் நிலையில் விற்பனைத் தொகையில் 15 சதவீதம், ஆறாவது நிலையில் 40 சதவீதம். ஓர் ஆண்டில் நூறு பதிவிறக்கத்தைத் தாண்டினால் அடுத்த நிலைக்கு ஏறுவீர்கள். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லாரும் மறுபடி முதல் நிலைக்கு இறக்கப்படுவார்கள். மொத்தமாகச் சந்தா கட்டிப் பல படங்களை எடுக்கும் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் உங்கள் படத்தை எடுத்தால் உங்களுக்கு வருவது 10 சென்ட்டாகவும் இருக்கலாம். அடோபி ஸ்டாக்கில் இந்த நிலை விளையாட்டு இல்லை. போட்டோவுக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35. சந்தா விற்பனையில் பொதுவாக 33 சென்ட்டுக்குக் கீழே போகாது. ஐஸ்டாக்கில் அந்தத் தளத்துக்கு மட்டுமே தருகிறேன் என்று ஒப்பந்தம் போடாதவருக்கு 15 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடோபியில் 25 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை எடுக்க முடியும். 33 சென்ட் வீதம் போனால் அதற்கு 76 பதிவிறக்கம் வேண்டும். இருபது படங்களை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது எளிதில் வராது. பல நூறு படங்கள், ஒன்றிரண்டு ஆண்டுப் பொறுமை என்று வைத்துக்கொண்டு இறங்குங்கள். மாதாமாதம் கட்ட வேண்டிய கடனை இதை நம்பி வாங்காதீர்கள்.

எந்தத் தளத்தில் தொடங்குவது?

என் கருத்தில் முதலில் அடோபி ஸ்டாக். பழைய ஃபோட்டோலியா நிறுவனத்தை அடோபி 2015 ஜனவரியில் வாங்கி, அதை வைத்து நடத்தும் தளம் இது. போட்டோஷாப்புக்குள் இருந்தபடியே வடிவமைப்பாளர்கள் படம் தேடி வாங்க முடியும் என்பது இதன் பெரிய பலம். கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது, வயது 18 ஆகியிருந்தால் போதும்.

அடுத்தது ஷட்டர்ஸ்டாக். ஜான் ஓரிங்கர் 2003ல் தான் எடுத்த 30,000 படங்களை வைத்துத் தொடங்கியது. அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே இந்தத் தொழிலின் குணம் புரிந்துவிடும்.

செய்தி, ஊர், திருவிழா, தெருக்காட்சி என்று எடுப்பவர்கள் அலமியையும் பார்க்கலாம். பிரிட்டனில் 1999ல் தொடங்கிய தளம் அது. விற்பனை அரிதாகத்தான் நடக்கும், ஆனால் ஒரு விற்பனையில் சந்தாத் தளங்களைவிட நல்ல தொகை வர வாய்ப்பு உண்டு. இங்கே ஒரு விசித்திரமான நடைமுறை: நீங்கள் ஒரு கட்டாக அனுப்பிய படங்களில் சிலவற்றை மட்டும் சோதிப்பார்கள். ஒன்று தேறாவிட்டால் மொத்தக் கட்டும் திரும்பிவிடும்.

ஒரே படத்தை இந்த மூன்றிலும் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். பிரத்யேக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரை தடை இல்லை. ஐஸ்டாக், அதன் உரிமையாளரான கெட்டி இமேஜஸ் இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. அதனால் எல்லாப் படங்களையும் ஒரே தளத்தில் முடக்காமல் இருப்பது நல்லது என்பதுதான் என் எண்ணம்.

நல்ல கேமரா வேண்டுமா? போன் போதாதா?

அடோபி, ஷட்டர்ஸ்டாக் இரண்டும் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல். இன்றைய எந்தப் போனும் அதைத் தாண்டும். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல், ஜூமை இழுக்காமல் எடுத்தால் போன் படமும் தேறும். இரவிலும் வீட்டுக்குள்ளும்தான் போன் தடுமாறும். பழைய டிஎஸ்எல்ஆர், 50 மிமீ லென்ஸ், ஒரு முக்காலி, ஒரு ஜன்னல் இருந்தால் போதும். முதல் ஆண்டு வருமானம் வரும் முன்னால் புது லென்ஸ் வாங்காதீர்கள்.

எந்த மாதிரிப் படம் விற்கும்? என் சூரிய அஸ்தமனப் படங்களுக்கு இன்ஸ்டாகிராமில் ஆயிரம் லைக் வந்ததே?

லைக் போடுபவர் ரசிக்கிறார். உரிமம் வாங்குபவர் தன் பக்கத்தில் ஒரு காலியிடத்தை நிரப்பப் பார்க்கிறார். இருவரும் வேறு வேறு ஆட்கள். அஸ்தமனம், பூவில் தேனீ, மெரினாவில் அலை எல்லாம் தளங்களில் குவிந்து கிடக்கின்றன. உங்களுடையது அழகாக இருந்தாலும் பல பக்கங்கள் தள்ளித்தான் வரும்.

எடுக்கும் முன்பு ‘இந்தப் படத்துக்கு மேலே என்ன தலைப்பு வரும்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பு சட்டென்று தோன்றினால் விற்க வாய்ப்பு உண்டு. பாட்டி பேரனிடம் போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்கிறார்: டிஜிட்டல் பரிவர்த்தனை, முதியோர், வங்கி மோசடி எச்சரிக்கை என்று மூன்று தலைப்புகளுக்குப் பொருந்தும். மாத்திரை அட்டையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிக்கும் தாத்தா, மொட்டை மாடியில் சோலார் தகடு துடைக்கும் ஆள், ஹெல்மெட்டின் பட்டையை மாட்டும் கைகள், சொட்டுநீர்க் குழாயைச் சரிபார்க்கும் விவசாயி, வீட்டில் லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண். தமிழ்நாடு என்று தேடினால் கோபுரமும் தோசையும்தான் வரிசைகட்டி வருகின்றன. நம் ஊர் மனிதர்கள் அன்றாட வேலை செய்யும் படங்கள் இன்னும் போதவில்லை என்பது என் பார்வை. வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வந்து எடுக்க முடியாத படங்கள் உங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருக்கின்றன.

இடம் விட்டு எடுங்கள். படத்தின் ஒரு பக்கம் வெறும் சுவரோ வானமோ இருந்தால் வடிவமைப்பாளர் அங்கே எழுத்தைப் போட்டுக்கொள்வார். ஒரே காட்சியை அகலமாக ஒன்று, நீளமாக ஒன்று, நெருக்கமாக ஒன்று எடுத்துவையுங்கள்.

பண்டிகைப் படங்களுக்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. தீபாவளி விளம்பரத்தைச் செய்பவர் இரண்டு மூன்று மாதம் முன்பே படம் தேடத் தொடங்கிவிடுவார். ஆகவே பொங்கலன்று எடுத்த பானையும் கரும்பும் அடுத்த பொங்கலுக்குத்தான் உதவும். அவசரம் என்றால் அக்டோபரிலேயே வீட்டில் ஒரு பானையை வைத்துப் பொங்கிவிடலாம். பால் பொங்குவதற்குத் தை மாதம் வேண்டுமென்று கட்டாயமில்லை.

மாடல் ரிலீஸ் என்று கேட்கிறார்களே, அது என்ன? என் அம்மாவைப் படம் எடுத்தாலும் வேண்டுமா?

வேண்டும். உங்களையே நீங்கள் எடுத்துக்கொண்டாலும் வேண்டும்.

படத்தில் இருப்பவர், ‘இதை வணிகத்துக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்று கையெழுத்திட்டுத் தரும் படிவம்தான் மாடல் ரிலீஸ். தளங்களே படிவத்தைத் தருகின்றன. பெயர், பிறந்த தேதி, முகவரி, படம் எடுத்த தேதி நிரப்ப வேண்டும். சாட்சிக் கையெழுத்தும் கேட்கும் தளங்கள் உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். சித்தப்பா போட்டால் செல்லாது.

முகம் தெரியாவிட்டால் வேண்டாமா என்பது அடுத்த சந்தேகம். வெறும் கை, விரல் என்றால் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் முதுகு காட்டி நின்றாலும் உடை, பச்சை குத்தியது, நிற்கும் இடம் இவற்றை வைத்து ‘இது நான்தான்’ என்று அந்த ஆள் சொல்ல முடிந்தால் கேட்பார்கள்.

நம் ஊரில் இதன் உண்மையான சிக்கல் காகிதத்தில் இல்லை, விளக்கிச் சொல்வதில் இருக்கிறது. பூக்கார அம்மாவிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் பத்திரத்தில் கையெழுத்து கேட்பதாகத்தான் நினைப்பார். தமிழில் சொல்லுங்கள்: இந்தப் படம் விளம்பரத்தில் வரலாம், எந்த ஊரில் எந்தக் கம்பெனி போடும் என்று எனக்கே தெரியாது, பிறகு திரும்பப் பெறுவது கடினம். இதையெல்லாம் கேட்டபின்பும் சரி என்று சொன்னால் வாங்குங்கள். பணமோ பிரிண்டோ கொடுங்கள். யோசிக்கிறார் என்றால் விட்டுவிடுங்கள். நோய், கடன், குடும்பச் சண்டை போன்ற தலைப்புகளில் தெரிந்த முகம் வந்தால் ஊரில் அவருக்கு என்ன ஆகும் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும். முதலில் வீட்டு ஆட்கள், நண்பர்கள் என்று தொடங்குவது எல்லா வகையிலும் நிம்மதி.

கோயில், கட்டடம், கடைப் பெயர்ப் பலகை எல்லாம்?

பொது இடத்தில் நிற்கும் கட்டடத்தையோ நிரந்தரமாக வைத்த சிலையையோ படம் எடுப்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி மீறல் ஆகாது. சட்டம் அப்படிச் சொன்னாலும் தளத்தின் விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம். தனியார் வீட்டின் உட்புறம், அடையாளம் தெரியும் ஓட்டல் என்றால் உரிமையாளர் கையெழுத்திட்டுத் தரும் சம்மதப் படிவமான ப்ராப்பர்ட்டி ரிலீஸைக் கேட்பார்கள். சுவர் ஓவியத்தை முழுச் சட்டகத்தில் எடுத்து வணிகத்துக்குப் போட முடியாது, அது இன்னொருவரின் படைப்பு.

கோயில்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. உள்ளே எடுக்கலாம் என்ற திட்டத்தையே விட்டுவிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் போலத் தொல்லியல் துறையின் கீழ் இருக்கும் இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும்.

வணிகப் படத்தில் லோகோ இருக்கவே கூடாது. ஸ்கூட்டரின் பெயர், பிஸ்கட் பாக்கெட், சட்டைப் பையில் இருக்கும் சின்ன முத்திரை, லேப்டாப் மூடி, தூரத்தில் கட்சிக் கொடி, சினிமா போஸ்டர் எல்லாவற்றையும் எடிட்டிங்கில் அழிக்க வேண்டும். நம் தெருவில் போஸ்டர் இல்லாத சுவரைத் தேடுவதே தனி வேலைதான்.

அப்படியானால் சந்தைக் கூட்டத்தையும் ஜல்லிக்கட்டையும் விற்கவே முடியாதா?

முடியும், எடிட்டோரியல் என்ற பிரிவில். செய்தி, கட்டுரை, பாடநூல் போன்றவற்றுக்கு மட்டும் பயன்படும் உரிமம் அது. ரிலீஸ் வேண்டாம், லோகோ இருக்கலாம். பதிலுக்கு நீங்கள் உண்மையை மாற்றக் கூடாது. ஓரத்தில் நிற்கும் ஆளை அழிப்பது, வானத்தை மாற்றுவது எல்லாம் இங்கே கூடாது. தலைப்பில் ஊர், நாடு, தேதி, என்ன நடக்கிறது என்பது வரவேண்டும். ஷட்டர்ஸ்டாக் இதற்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கிறது: மதுரை, இந்தியா, பிறகு மாதம், நாள், ஆண்டு, அதன்பின் விவரம். இதை அப்படியே பின்பற்றாவிட்டால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வரும். கூட்டத்தில் முகங்கள் தெரியும் இந்த வகைப் படங்களை அடோபி வாங்காது. அவற்றை ஷட்டர்ஸ்டாக்குக்கும் அலமிக்கும் அனுப்புங்கள்.

தலைப்பும் கீவேர்டும் எப்படிப் போடுவது? ஆங்கிலம் சரளமாக வராது.

சரளம் தேவையில்லை, சரியான சொல் தேவை. வாங்குபவர் தேடுபெட்டியில் என்ன அடிப்பார் என்பதுதான் கேள்வி. தலைப்பு ஒரே வரி: யார், என்ன செய்கிறார், எங்கே. அதை நாமே எளிய ஆங்கிலத்தில் எழுதிவிடலாம்.

கீவேர்ட், அதாவது தேடுசொல், அடோபியில் 49 வரை, ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரை. இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். அடோபியில் வரிசை முக்கியம், முதல் பத்துச் சொற்களுக்குத்தான் எடை அதிகம். இட்லிப் படத்துக்கு முதலில் இட்லி, தென்னிந்திய உணவு, காலை உணவு, சாம்பார், வாழை இலை என்று ஆங்கில எழுத்தில் போடுங்கள். ‘அழகு’, ‘பின்னணி’ எல்லாம் கடைசியில் வரட்டும். நம் ஊர்ப் பெயர்களுக்கு எழுத்துக் குழப்பம் உண்டு. தஞ்சாவூரைப் பழைய ஆங்கிலப் பெயரில் தேடுபவரும் இருக்கிறார், திருச்சியை முழுப் பெயரில் தேடுபவரும் இருக்கிறார். இரண்டையும் சேருங்கள். செடி, பறவை, மீன் என்றால் அறிவியல் பெயரைச் சேர்த்தால் பாடநூல்காரர் கண்ணில் படும்.

இந்த வேலையை லைட்ரூம் போன்ற மென்பொருளில் படக் கோப்புக்குள்ளேயே எழுதிச் சேமித்துவிடுங்கள். எந்தத் தளத்தில் ஏற்றினாலும் அது தானாக வந்துவிடும். படம் எடுப்பதைவிடச் சலிப்பான வேலை இதுதான். பாதிப் பேர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள்.

படத்தை ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். கணக்கை முடக்கிவிடுவார்களா?

சில படங்கள் திரும்பியதற்காக முடக்கமாட்டார்கள். பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று: ஃபோகஸ் பிசகியது, நிழல் பகுதியில் நாய்ஸ் எனப்படும் புள்ளிகள், சென்சார் தூசி வானத்தில் கரும்புள்ளியாகத் தெரிவது, லோகோ, ரிலீஸ் இல்லாதது, ஒரே மாதிரிப் படங்கள். ஏற்றும் முன் ஒவ்வொரு படத்தையும் கணினியில் 100 சதவீத அளவில் மூலைக்கு மூலை பாருங்கள். போன் திரையில் கூர்மையாகத் தெரிவது இங்கே கணக்கில் வராது.

‘ஒரே மாதிரி’ என்ற காரணத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேமராவை இம்மி நகர்த்தி எடுத்த பதினைந்து படங்களை ஏற்றினால் அதைக் குப்பை கொட்டுவதாகப் பார்ப்பார்கள். அதுவே தொடர்ந்தால் கணக்குக்கு ஆபத்துதான்.

வரிப் படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். நான் அமெரிக்காவில் இல்லையே?

நீங்கள் இல்லை, வாங்குபவர் அங்கே இருக்கிறார். அமெரிக்க விற்பனையில் வரும் ராயல்டிக்கு அந்நாட்டு வரி பிடிக்கப்படும். டபிள்யூ-8பென் என்ற படிவத்தை நிரப்பினால் இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம். ஒப்பந்தச் சலுகையைக் கேட்காவிட்டால் 30 சதவீதம். வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் நம் பான் எண்ணைப் போடலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்று காலண்டர் ஆண்டு முடியும்வரை அந்தப் படிவம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இலங்கைக்கும் அமெரிக்காவோடு ஒப்பந்தம் உண்டு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அப்படி இல்லாததால் அங்கே இருப்பவர்களுக்கு 30 சதவீதம்தான்.

பணம் பேபால், பயோனீர் போன்ற வழிகளில் வரும். இந்திய பேபால் கணக்கில் பணம் தங்காது, தானாக வங்கிக்குப் போய்விடும். அதனால் வங்கிக் கணக்கையும் பான் எண்ணையும் முதலிலேயே இணைத்துவையுங்கள். அடோபியில் முதல் விற்பனை நடந்து 45 நாள் ஆன பிறகுதான் முதல் தடவை பணம் கேட்க முடியும். இந்தியாவில் இருப்பவர் இந்த வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஏஐ படம் போட்டுத் தள்ளும் காலத்தில் இது எல்லாம் தேவையா?

நியாயமான கேள்வி. பயனர்கள் உருவாக்கிய ஏஐ படங்களை கெட்டி 2022 செப்டம்பரிலேயே தடுத்தது. ஷட்டர்ஸ்டாக்கும் பங்களிப்பாளர்களிடமிருந்து ஏற்பதில்லை. அடோபி மட்டும் ‘ஏஐயில் உருவானது’ என்று குறியிட்டால் ஏற்கிறது. இன்னொரு பக்கம், உங்கள் படங்களை ஏஐ பயிற்சிக்கும் இந்த நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. ஷட்டர்ஸ்டாக்கில் அதை வேண்டாம் என்று அணைத்துவைக்கலாம். அடோபியில் ஃபயர்ஃபிளை என்ற அதன் ஏஐ கருவியின் பயிற்சியிலிருந்து விலக வழியில்லை. அது பிடிக்காதவர் அந்தத் தளத்துக்குப் போகாமல் இருப்பதே வழி.

கைகுலுக்கும் கோட்டுசூட்டு ஆட்கள், வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள் போன்ற பொதுப் படங்களுக்கு அடி விழுவது நிச்சயம். உண்மையான ஊர், உண்மையான நிகழ்வு, உண்மையான கைவேலை வேண்டும் என்று தேடுபவருக்கு ஏஐ உதவாது. சின்னாளப்பட்டியில் சேலை எப்படி நெய்கிறார்கள் என்று எழுதும் பதிப்பாளர், கற்பனைத் தறியைப் போட்டால் மாட்டிக்கொள்வார். தொடங்குபவர் அந்தப் பக்கம் நிற்பதே புத்திசாலித்தனம்.

நான் கல்யாண போட்டோகிராபர். ஆல்பத்திலிருந்து சிலவற்றைப் போடலாமா?

எடுத்தவர் நீங்கள் என்றாலும் உரிமை உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன போட்டோவின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு. அதோடு படத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் ரிலீஸும் வேண்டும். பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரிடம் யார் போய்க் கையெழுத்து வாங்குவது? முகம் வராத மஞ்சள் கயிறு, மருதாணிக் கை, தட்டில் அட்சதை போன்றவற்றை, குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, போடலாம். அடுத்த புக்கிங்கின் ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு வரி சேர்த்துவிட்டால் வேலை சுலபம்.

ஏற்கனவே அன்ஸ்ப்ளாஷில் இலவசமாகப் போட்ட படத்தை எடுத்துவிட்டு இங்கே விற்கலாமா?

தளத்திலிருந்து நீக்கலாம். ஆனால் அதுவரை பதிவிறக்கியவர்களுக்குக் கொடுத்த உரிமம் திரும்பப் பெற முடியாதது. அவர்கள் தொடர்ந்து பயன்படுத்துவார்கள். இலவசமாகச் சுற்றும் படத்துக்கு எவரும் காசு கொடுக்கப்போவதில்லை. அதே இடத்துக்கு, வேறு வெளிச்சத்தில் இன்னொரு முறை போய் எடுங்கள். ரிலீஸ் படிவத்தையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.